நடுவர் வழக்கில் இடைக்கால நிவாரணம்: நீதிமன்றத்தை நாடுவதா, தீர்ப்பாயத்தை நாடுவதா?

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்வுக்கான ஷரத்து (தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனி நடுவரோ நடுவர் குழுவோ தீர்க்கும் என்ற நிபந்தனை) இருந்தால் நீதிமன்றத்தின் பக்கமே போகக்கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இந்தியாவின் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டம், பிரிவு 9-இன்கீழ் நீதிமன்றத்திடமும் பிரிவு 17-இன்கீழ் நடுவர் தீர்ப்பாயத்திடமும் (தகராறை விசாரிக்கும் நடுவர் அல்லது நடுவர் குழு) இடைக்கால ஆணை, அதாவது இறுதித் தீர்ப்பு வரும்வரை பாதுகாப்புத் தரும் தற்காலிக ஆணை, கேட்க வழி செய்திருக்கிறது. இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் நம் விருப்பம் முடிவு செய்வதில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது.

நீங்கள் வாடகைக்குக் கொடுத்த இயந்திரங்களை எதிர்த்தரப்பு விற்க முயல்வதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: தீர்ப்பாயம் அமைந்துவிட்டதா?

நடுவர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்றால் நீதிமன்றமே வழி. சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையம் போன்ற அமைப்பின் விதிகளை ஒப்பந்தம் ஏற்றிருந்தால் மட்டும் அவசரகால நடுவரையும் (தீர்ப்பாயம் அமையும் முன் அவசர மனுவை விசாரிக்க அந்த அமைப்பு நியமிப்பவர்) நாடலாம்; அவருடைய ஆணையும் பிரிவு 17-இன்கீழ் வரும் என்று அமேசான்–ஃபியூச்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

படி 2: மனுவைத் தயாரித்தல்

ஒப்பந்த நகல், கடிதப் போக்குவரத்து, பிரமாணப் பத்திரம் ஆகியவற்றுடன், மூன்று கேள்விகளுக்கு மனு விடை சொல்ல வேண்டும்: வழக்குக்கு முகாந்திரம் உண்டா, ஆணை மறுக்கப்பட்டால் உங்களுக்கு வரும் பாதிப்பு, ஆணை தந்தால் எதிர்த்தரப்புக்கு வரும் பாதிப்பைவிடக் கூடுதலா, அந்த இழப்பைப் பின்னர் பணத்தால் ஈடுசெய்ய முடியுமா. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மூன்றாவதில்தான். “விற்றுவிடுவார் என்று அஞ்சுகிறேன்” என்ற ஒற்றை வரி போதாது; விற்பனை விளம்பரமோ, வாங்க வந்தவருடன் நடந்த மின்னஞ்சலோ கையில் இருக்க வேண்டும். பன்னாட்டு வணிக நடுவர் வழக்கானால் (ஒரு தரப்பாவது வெளிநாட்டைச் சேர்ந்த வணிகத் தகராறு) மனு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும். உள்நாட்டு வழக்குகளில் எந்த நீதிமன்றம் என்பதை நிதானமாகத் தீர்மானியுங்கள். ஏனெனில் பிரிவு 42-இன்படி அதே ஒப்பந்தம் தொடர்பான பிந்தைய மனுக்களும் அங்கேயே செல்ல வேண்டும்.

படி 3: 90 நாள் கணக்கு

நடுவர் நடவடிக்கை தொடங்கும் முன்பே நீதிமன்றம் ஆணை பிறப்பித்தால், அந்த ஆணையின் தேதியிலிருந்து 90 நாட்களுக்குள், அல்லது நீதிமன்றம் நீட்டித்துத் தரும் காலத்துக்குள், நடவடிக்கை தொடங்கியாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தகராறை நடுவரிடம் அனுப்பக் கோரும் அறிவிப்பை எதிர்த்தரப்பு பெற்றுக்கொண்ட நாளே தொடக்கம் என்கிறது பிரிவு 21. அறிவிப்பை அனுப்பிய நாள் கணக்கில் வராது என்பதால், தபால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தடையாணை கிடைத்த நிம்மதியில் அறிவிப்பையே மறந்துபோவது நடக்கக்கூடியது; ஆணை கையைவிட்டுப் போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

படி 4: தீர்ப்பாயம் அமைந்த பின்

2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கே நிலைமையை மாற்றியது. தீர்ப்பாயத்திடம் போனால் பயனில்லை என்று காட்டினாலொழிய நீதிமன்றம் புதிய மனுவை ஏற்காது. அதே சமயம், தீர்ப்பாயத்தின் ஆணையை நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம் என்றும் அத்திருத்தம் சொன்னது. அதற்கு முன் அந்த ஆணைகளுக்கு இருந்த பெரிய பலவீனம் இதனால் நீங்கியது. நீதிமன்றம் ஏற்கெனவே பரிசீலிக்கத் தொடங்கிவிட்ட மனுவை, இடையில் தீர்ப்பாயம் அமைந்தது என்பதற்காகவே கைவிட வேண்டியதில்லை என்று எஸ்ஸார் பல்க் டெர்மினல் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அப்படியானால் எப்போது மீண்டும் நீதிமன்றம்? இயந்திரங்கள் மூன்றாம் நபரின் கிடங்கில் இருந்தால், ஒப்பந்தத்தில் சேராத அவரைத் தீர்ப்பாயத்தால் பொதுவாகக் கட்டுப்படுத்த இயலாது. எதிர்த்தரப்புக்குத் தெரியாமலே அவசர ஆணை தேவைப்படும் வேளையிலும் நீதிமன்றமே பொருத்தம். தீர்ப்பாயம் இரு தரப்புக்கும் முழு வாய்ப்பளிக்கக் கடமைப்பட்டது.

படி 5: ஆணைக்குப் பிறகு

நிவாரணம் கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும், பாதிக்கப்பட்டவர் பிரிவு 37-இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம். இறுதித் தீர்ப்பு வந்து, அது நிறைவேற்றப்படும் முன் பாதுகாப்பு தேவைப்பட்டால், இறுதித் தீர்ப்புக்குப் பின் இடைக்கால ஆணை தரும் தீர்ப்பாயத்தின் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டதால், பிரிவு 9-இன்கீழ் நீதிமன்றத்துக்கே திரும்ப வேண்டும்.