முருங்கை மொட்டுக்குள்ள மகரந்தம் எப்படி முத்துது, வீட்டுலயே பாக்கலாம் வாங்க

மகரந்தம்னா சும்மா மஞ்சப் பொடின்னு நெனச்சிடாதீங்க. தான் வளர்ற மகரந்தப் பையை விட்டு வெளிய வர்றதுக்குள்ள சாப்பாட்ட சேத்து, அதையே வேற மாதிரி மாத்தி, தன்னையும் காயவெச்சுக்குது. முருங்கைப் பூ கையில இருந்தா இதுல பாதிய கண்ணாலயே பாத்துடலாம்.

மைக்ராஸ்கோப் வேணும், காகிதத்துல மடிக்கிற ஃபோல்ட்ஸ்கோப்பும் ஓகே. கூடவே ஸ்லைடு, ஊசி, மெடிக்கல்ல கிடைக்கிற அயோடின் மருந்து பீட்டாடின்.

மொதல்ல பீட்டாடின்ல தண்ணி விட்டு கட்டன் சாயா கலருக்குக் கொண்டு வாங்க. ஒரு சோத்துப் பருக்கை மேல சொட்டு விடுங்க, கருநீலமாச்சுன்னா கரைசல் சரி.

அடுத்து, ஒரே கொத்துலேர்ந்து குட்டி மொட்டு, விரியப் போற பெரிய மொட்டு, விரிஞ்ச பூ மூணையும் பறிங்க. மூணும் கண்டிப்பா வேணும், நான் மொத தடவை விரிஞ்ச பூவ மட்டும் பாத்துட்டு ஒண்ணுமே புரியாம விட்டுட்டேன்.

பூவுக்குள்ள பை இருக்கற கேசரம் (பையத் தாங்கற காம்பு) அஞ்சுதான், மத்ததெல்லாம் மலடு. பைய தனித்தனி ஸ்லைடுல ஊசியால நசுக்கி, ஒரு சொட்டு கரைசல் விட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு பாருங்க.

கருநீலம் தெரிஞ்சா ஸ்டார்ச் (மாவுச்சத்து) இருக்கு, வெறும் பழுப்பு மஞ்சள்னா இல்ல. பொதுவா மகரந்தம் ரொம்ப இளசா இருக்கறப்ப ஸ்டார்ச் இருக்காது, அப்புறம் பையோட உள்சுவர்லேர்ந்து வர்ற சர்க்கரைய வாங்கி ஸ்டார்ச்சா சேத்து வெக்கும், பல செடிகள்ல வெளிய வர்றதுக்கு முன்னாடி அதையே திரும்ப உடைச்சு சுக்ரோஸ்ங்கற சர்க்கரை ஆக்கிடும். ஏன் இவ்ளோ சுத்து வேலைன்னா, மகரந்தம் காயுறப்ப தண்ணி இருந்த எடத்துல சுக்ரோஸ் நின்னு செல்லோட சவ்வையும் புரதத்தையும் கெடாம காப்பாத்துது. இந்த எடம்தான் எனக்கு அவ்ளோ பிடிக்கும்! மக்காச்சோளம் மாதிரி சிலது ஸ்டார்ச்சோடயே வெளிய வந்துடும், அதனால உங்க பூவுல கடைசி வரைக்கும் கருநீலமா தெரிஞ்சா சோதனை தப்புன்னு நெனைக்காதீங்க, தெரிஞ்சத அப்படியே எழுதி வைங்க.

இதுக்குள்ள பையோட உள்சுவர் செத்து கரைஞ்சு, அதோட எண்ணெய் மகரந்தத்து மேல பூசிக்கும். தேனீ மேல ஒட்டறது அதாலதான்.

கடைசியா, பெரிய மொட்டு ஒண்ண பிரிச்சு பைய மூடாம வெயில் படற ஜன்னலோரம் வெச்சு அப்பப்ப லென்ஸ்ல பாருங்க. சுவர் தண்ணிய இழந்து சுருங்கறப்ப பை நீளவாக்குல பிளந்து பொடி வெளிய தெரியும். மழை நாள்ல செய்யாதீங்க, ஈரக் காத்துல பை லேசுல வெடிக்காது.