சோளகத்திலும் பறக்காத மேசைவிரிப்பு

யாழ்ப்பாணம் காரைநகரின் கசூரினா கடற்கரையில் சாப்பாடு வைத்தால், சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) மேசைவிரிப்பைத் தூக்கிவிடும். முதலில் விளிம்புக்குள் மணல் நிரப்பித் தைத்தேன். தையல் துளைகளால் மணல் கசிந்தது, தோய்க்கவும் முடியவில்லை. மூலைகளில் பை தைத்து, கழற்றக்கூடிய கல் போடுவதுதான் சரி.

45 அங்குல அகலப் பருத்தித் துணி 2 யார். வெட்டுமுன் நனைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கி மூலை இழுபடும். 6 அங்குலச் சதுரங்கள் 4 வெட்டி, முக்கோணமாக மடித்து, அடிப்பக்க மூலைகளில் வையுங்கள். வெட்டு விளிம்புகள் ஓரமடிப்புக்குள் போகவேண்டும். மடிப்புப் பக்கம் நடுவை நோக்கவேண்டும். அப்போதுதான் மூலை தொங்கும்போது பையின் வாய் மேலே நிற்கும், கல் விழாது. வாயின் இரு முனைகளிலும் கட்டாயம் முன்னும் பின்னுமாகத் திருப்பித் தையுங்கள், அங்கேதான் பிரியும். மூலைக்கு 150 கிராம் வழவழப்பான கல் போதும்.

மிஞ்சிய துண்டுகள் பொங்கல் தோரணத்துக்கு.