கூலன்ட் கசிவா? முகப்பவுடர் தூவிப் பாருங்கள்

டர்ட் பைக்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஒழுகும் இடம் மட்டும் தெரியவில்லையா? வண்டியைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்ப் மூடி எல்லாவற்றிலும் முகப்பவுடரை மெலிதாகத் தூவுங்கள். நின்ற இடத்திலேயே நாலைந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு (ஃபேன் இல்லாத வண்டி என்றால் அதற்கு மேல் வேண்டாம்), டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த இடத்தில் பவுடர் குழைந்து கோடு விழுந்திருக்கும். கோட்டின் மேல்முனைதான் கசிவு, கீழே சொட்டும் இடம் அல்ல.

சூடான இன்ஜினில் சிறு கசிவு உடனே ஆவியாகிவிடும். மிச்ச ஈரத்தையும் அழகர்கோவில் பக்கத்துப் புழுதி மூடிவிடும். பவுடர்தான் அதை உறிஞ்சிப் பிடித்துவைக்கிறது. சில ஹோஸ்கள் ஆறிய பிறகுதான் கசியும், அதனால் மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள். வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சின்னத் துளையில் ஈரம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, கிளிப்பை இறுக்கிப் பயனில்லை.

இன்ஜினுக்குள்ளேயே கசிந்தால் பவுடர் காட்டாது. ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தாலோ, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ மெக்கானிக்கிடம் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஆயில் கூலிங் வண்டிகளில் கூலன்டே கிடையாது. அப்புறம், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.