எருமை சுடத் துவக்கு வாங்கேக்க விடக்கூடாத பிழையள்

போன கிழமை உப்புவெளிக் கடற்கரையில இருக்கேக்க மருமோன் ஃபோன்ல ஒரு ரைபிள் படம் காட்டினான். அவுஸ்திரேலியாவில டார்வினுக்கு அங்கால ஒரு பண்ணையில வேலை கிடைச்சிருக்கு, லைசென்ஸ் எடுத்து எருமைச் சுடுதலுக்கும் போகப்போறானாம். துவக்கு நல்ல துவக்குத்தான். என்ன சன்னம் போடப்போற எண்டு கேட்டன், "கடையில இருக்கிறதைப் போடலாம்தானே மாமா" எண்டான். 15 வருசத்துக்கு முன்னால நானும் இதையேதான் சொன்னனான், அங்க வேலைக்கு வாற ஒவ்வொரு பெடியனும் இதையேதான் சொல்லுறான். சேஃப்டி, மாட்டுக்குப் பின்னால யார் நிக்கினம் எண்டு பாக்கிறதெல்லாம் சூடு பழகிற ரேஞ்சில சொல்லித்தருவினம், அதை விடுறன்.

துவக்கைப் பாத்திட்டு சன்னத்தைப் பாக்காம விடுறது

கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள படுத்திருக்கிற புள்ளிமானைப் பாத்திருப்பீங்கள். மெல்லிய தோல், மெல்லிய விலா. மானுக்கெண்டு செய்யிற சன்னம் பட்ட உடன விரிஞ்சு உடையிறதுக்கே செய்தது, அந்த உடம்புக்கு அது சரி. எருமைக்கடா அப்பிடியில்ல. 1820கள்ல இருந்து பிரிட்டிஷ்காரர் தீமோர் பக்கத்தால கொண்டுவந்து இறக்கி, பிறகு விட்டிட்டுப்போக காடேறிப் பெருகின சாதி அது, எங்கட வன்னிக் குழுமாடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க. 700 கிலோவுக்கு மேல நிக்கும், தோலுக்கு மேல காய்ஞ்ச சேறு, தோலுக்குக் கீழ தோள் எலும்பு, அதையும் தாண்டித்தான் நெஞ்சு.

என்ர முதல் கடாவுக்கு 300 வின்செஸ்டர் மேக்னம் எண்ட அளவு, வேகமான துவக்கு, சன்னம் மட்டும் 150 கிரெய்ன் (கிரெய்ன் எண்டது சன்னத்தின்ர நிறை அளவு) மான் சன்னம், ஏனெண்டா பெட்டிக்கு 40 டொலர் குறைவு. 40 மீட்டர்ல தோளுக்கு நேராப் பட்டது, மாடு ஒருக்கா முழங்காலை மடிச்சு எழும்பி, பேப்பர்பார்க் மரம் நிக்கிற சதுப்புக்குள்ள போயிட்டுது. முதலை இருக்கிற தண்ணி அது. நானும் பண்ணைக்கார அண்ணையும் காலம தொடங்கித் தேடி, பின்னேரம்தான் அவர் தன்ர 375 அளவுத் துவக்கால முடிச்சார். தோலை உரிச்சுப் பாத்தா சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு இரத்தக் கட்டி, அதுக்குள்ள புளியங்கொட்டைத் தோல் மாதிரி செப்புத் துண்டுகள், ஈயம் பொடியா இறைச்சியில அப்பிக்கிடக்கு, எலும்பு கீறுப்பட்டிருக்கு, அவ்வளவுதான், நுரையீரலுக்குக் கிட்டவும் போகேல்ல. ஒரு உயிர் முழுநாளும் நோவோட நிண்டது என்ர 40 டொலரால, இண்டைக்கும் அதை நினைச்சா எனக்கு ஆத்திரம்தான் வரும்.

அதால முதல்ல சன்னத்தைத் தெரிவு செய்யுங்க. ஈயத்தை உறையோட ஒட்டவச்சுச் செய்தது, இல்லாட்டி முழுச் செப்பு, இது ரெண்டும் எலும்பை உடைச்சு உள்ள போகும். 1912ல வந்த 375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் இண்டைக்கும் இதுக்கு நல்லது, 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குக் கொஞ்சம் மேல.

தாங்கேலாத துவக்கு

சிலர் 375ஐ விடப் பெரிய 458 அளவுத் துவக்கு வாங்குவினம். பின்னுதைப்புக்குப் பயந்து விசையை இழுக்கேக்க கண் மூடும், குழல் கீழ போகும், சன்னம் வயித்தில படும். உங்களுக்கு இது இருக்கோ எண்டு பாக்கோணுமெண்டா ரேஞ்சில கூட்டாளியிட்ட குடுத்து, உங்களுக்குத் தெரியாம இடையில ஒரு போலிச் சன்னம் போடச்சொல்லுங்க, வெடிக்காத நேரம் குழல் குத்தினா உங்களுக்கு அந்தத் துவக்கு வேணாம். அதைவிடச் சின்ன 338ல நேராச் சுடுறவன் 458ல கண் மூடுறவனை விட மாட்டுக்கு நல்லது செய்யிறான்.

பெரிய ஸ்கோப்

புல்லுக்குள்ள 30 மீட்டர்ல நிக்கிற மாட்டைத் துவக்கில பூட்டுற ஸ்கோப்பால 6 மடங்கு பெரிசாக்கிப் பாத்தா தோல்தான் தெரியும், தோள் எது வயிறு எது எண்டு தெரியாது. 1 மடங்கில தொடங்குறதை வாங்குங்க.

செமி ஓட்டோ ஆசை

ஒரு வெடிக்குப் பிறகு அடுத்த சன்னம் தானாவே ஏறுற துவக்கு அது, விடுங்க. 1996ல டாஸ்மேனியாவில கனபேர் செத்த போர்ட் ஆர்தர் சூட்டுக்குப் பிறகு சட்டம் இறுகிட்டுது, உங்களுக்கு ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துச் சன்னம் ஏத்துற போல்ட் ஆக்ஷன்தான்.

கிடைக்காத சன்னம்

பண்ணைக்குக் கிட்ட இருக்கிற கடையில அந்த அளவு சன்னம் வருசம் முழுக்க இருக்குமோ எண்டு கோல் எடுத்துக் கேட்டுட்டு வாங்குங்க, மழை தொடங்கினா ரோட்டு மூடிடும். மருமோன் நேற்று கோல் எடுத்துக் கேட்டிட்டான், 375 சன்னம் இருக்காம்.