“தின்னுட்டுத்தானுங்க இருக்கறன்”: மாத்திரை விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஆத்தாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு முறுக்கு டப்பா இருந்தது. கை முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மாற்றுச் சேலை எடுக்கத் தோட்டத்து வீட்டுக்கு வந்த நான் அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். காசு கொடுத்து வாங்கியதை வீச அவருக்கு மனசு வரவில்லை, விழுங்கவும் மனசு வரவில்லை.

ரத்த அழுத்தத்துக்கு முதலில் ஒரு மாத்திரைதான் கொடுத்திருந்தார்கள். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. “நல்லாத்தானே இருக்கறன், வெட்டியா எதுக்கு கண்ணு முழுங்கோணும்?” என்று விட்டுவிட்டார். அடுத்த முறை டாக்டர் கேட்டபோது, “தின்னுட்டுத்தானுங்க இருக்கறன் சாமி” என்றார். அளந்து பார்த்தால் மேல் அழுத்தம் 170. மருந்து பத்தவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டினார். பிறகு இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. எல்லாம் டப்பாவுக்குப் போனது. ஒரு வருஷம் கழித்து மாரியம்மன் நோம்பிக்கு வந்த அத்தை, சீட்டில் இருந்ததையெல்லாம் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை வாசலுக்கு எழுந்து போன ஆத்தா கண் இருட்டி விழுந்தார். ஒரு வருஷமாகக் கூடிக்கொண்டே போன மருந்து முழுவதும் ஒரே வாரத்தில் உடம்புக்குள் போனதில் அழுத்தம் தாறுமாறாக இறங்கிவிட்டது.

அந்த டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். மாத்திரையை விட்டதைக் காட்டிலும், விட்டதைச் சொல்லாததுதான் பெரிய தவறு. நம் வாய்ச்சொல்லை நம்பித்தான் டாக்டர் அடுத்த மருந்தை எழுதுகிறார்.

இதில் ஆத்தாவை மட்டும் குறை சொல்ல முடியாது. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது. மருந்தை விடுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்காமல், “சொன்னாக் கேக்க மாட்டீங்களா?” என்று வீட்டில் சத்தம் போட்டால் அடுத்த அட்டையும் டப்பாவுக்குத்தான் போகும்.

சர்க்கரைக்காரர்களிடம் இதே மறைப்பு வேறு விதமாக நடக்கிறது. பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னால் அரிசியைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, வெறும் வயிற்றில் 110 காட்டிவிடுவார்கள். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையோ கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாதபோது டாக்டருக்குச் சந்தேகம் வரும். அந்த நேரத்திலாவது உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கவிளைவுக்குப் பயந்து சத்தமில்லாமல் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதே அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும்; அது தெரியாமல் மெடிக்கலில் சிரப் வாங்கி மாதக்கணக்கில் குடிப்பார்கள். சர்க்கரைக்கான மெட்பார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு, சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலி வரை கொண்டுபோய் விடும். வலிப்பு மருந்தும் அப்படித்தான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தாங்களாக ஒரு நாள்கூட விடக்கூடாது. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் எதுவும் செய்ய வேண்டும்.

காசநோயைப் பற்றிப் பேச எங்கள் பக்கத்துக்குத் தனிக் காரணம் உண்டு. ஈரோடு பக்கத்துப் பெருந்துறையில் ‘சானடோரியம்’ என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் படுக்க வைத்துப் பார்த்த காலத்தின் மிச்சம் அது. வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானதைச் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு 1959-ல் காட்டியது. அதிலிருந்து படுக்கையைவிட மாத்திரைதான் முக்கியம் என்றாகிவிட்டது. ஆனால் அதை ஒழுங்காகச் சாப்பிடும் பொறுப்பும் வீட்டுக்கு வந்துவிட்டது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. இரண்டாம் மாதம் முடிவதற்குள்ளேயே இருமல் நின்று, பசி எடுத்து, எடை கூடும். பனியன் கம்பெனிக்குத் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்த கிருமிகள் மறுபடி பெருகும். அப்போது இதே மருந்து கேட்காமல் போகலாம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. அது ரிபாம்பிசின் மருந்தின் நிறம், ஒன்றும் செய்யாது. கண் மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்தான சாப்பாட்டுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாயையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத் தவறுகள் வேறு. தைராய்டு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்குவார்கள். காப்பி அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது. முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீ, காப்பி, பால் ஆகாது.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட், சோமனூர் பல்லடம் பக்கம் தறியில் ராத்திரி ஷிப்ட். சீட்டில் ‘காலை, இரவு’ என்று எழுதியிருக்கும். பொழுது விடியும்போது தூங்கப் போகிறவருக்கு எது காலை? கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். வேலை நேரத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, மாத்திரையைக் கடிகாரத்தோடு வைப்பதா சாப்பாட்டோடு வைப்பதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடவே கூடாது.

பழனிக்கு நடக்கும் சர்க்கரைக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நம் ஊர்களிலிருந்து நாள்கணக்கில் நடக்கிறோம். சிலர் விரதமென்று மாத்திரையை அடியோடு விடுகிறார்கள். சிலர் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு, பாதி வயிற்றோடு முப்பது கிலோமீட்டர் நடக்கிறார்கள். முதலில் சொன்னவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது, மற்றவர்களுக்கு இறங்குகிறது. மாலை போடும் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மடியில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் தார் ரோட்டில் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். கொப்புளம் வந்தது தெரியாது, புண்ணானதும் தெரியாது. விரலை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செருப்போடு வருகிறவனை முருகன் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

சர்க்கரைக்கென்று ஒறம்பரை (உறவினர்) வீட்டில் கேட்ட நாட்டு மருந்தை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே தள்ளலாம். சாப்பாடு, நடைப்பயிற்சியிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் விடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் சோற்றைக் குறைத்து, கொள்ளுப்பருப்பையும் காயையும் கூட்டுவதிலிருந்து தொடங்கலாம்.

காசு இல்லாமல் விடுகிறவர்கள் அதையும் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பஸ் வசதியில்லாத தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும், பிரிக்காதது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் மேசை மேல் வைத்து, “பத்து நாளா இதைப் போடலீங்க, போட்டா காலு வீங்குதுங்க” என்று சொல்லுங்கள். ஆத்தாவும் கடைசியில் அப்படித்தான் உள்ளதைச் சொன்னார். முறுக்கு டப்பாவையே தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்துவிட்டு, அழுத்தத்தைப் புதிதாக அளந்து, ஒரே ஒரு மாத்திரையில் மறுபடி ஆரம்பித்தார்.