மன்னிப்புக் கேட்ட பிறகும் மனசு ஆறவில்லையா? நாம் செய்கிற தவறுகள்

"ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார், அது தெரியும். ஆனா என்னால என்னை மன்னிக்க முடியலை." சபையில் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைப் பலமுறை கேட்டிருப்பார்கள். ஒருவருக்குக் கருக்கலைப்பு, இன்னொருவருக்கு அப்பாவின் கடைசி நாட்களில் அவரோடு பேசாமல் இருந்தது. தம்பியின் பங்கையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டவர் உண்டு, குடியில் பத்து வருஷத்தைத் தொலைத்தவர் உண்டு. விஷயம் ஆளுக்கு ஆள் மாறும், சொல்வது மட்டும் மாறாது.

இதில் முதல் சிக்கல், நமக்குள்ளே ஒரு நீதிமன்றம் வைத்திருப்பது. கர்த்தர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஆனாலும் நம் மனசு அதற்கு மேல் ஒரு உச்ச நீதிமன்றம் மாதிரி உட்கார்ந்துகொண்டு வழக்கை மறுபடி எடுக்கிறது. "உன்னை நீயே மன்னித்துக்கொள்" என்று வேதத்தில் எங்கும் கட்டளை கிடையாது. தேடிப் பார்க்கலாம். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சம்மதித்து நின்றவர் பவுல். சபையைத் துன்பப்படுத்தியதை அவர் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. தம் நிருபங்களில் தாமே எடுத்துச் சொல்கிறார். அதே ஆள்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது, "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறதில்லை" என்கிறார். அந்த அதிகாரம் தம்மிடம் இல்லை என்று விட்டுவிட்டார். நம்மை நாமே மன்னித்துவிட்டோம் என்ற உணர்வு ஒருநாள் வரும் என்று காத்திருப்பவர்கள் அதிகாரமே இல்லாத இடத்திலிருந்து உத்தரவு வரக் காத்திருக்கிறார்கள்.

அடுத்தது, ஒரே பாவத்துக்குத் தினமும் மன்னிப்புக் கேட்பது. பார்க்கப் பக்தி மாதிரி இருக்கும். இயேசு சபையைத் தொடங்கிய, நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சவேரியாரின் தோழரான, இஞ்ஞாசியாரே இதில் மாட்டிக்கொண்டவர்தான். 1522இல் ஸ்பெயினின் மொன்செராட் மடத்தில் தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி, மூன்று நாள் குருவிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்தார். அப்புறம் மன்ரேசாவுக்குப் போனார். அங்கே, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. மறுபடி மறுபடி போய்ச் சொன்னார், நிம்மதி வரவில்லை. தெளிவாகத் தெரிந்தால் ஒழியப் பழைய பாவத்தைச் சொல்லவேண்டாம் என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய், கடைசியில் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மீண்டார்.

நினைவு வருவதை நாம் தடுக்க முடியாது. ஆனால் வரும்போது என்ன சொல்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. "மன்னியும்" என்று மறுபடி ஆரம்பிக்காமல், "மன்னித்தீரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பார்க்கலாம். முதலில் வாய்வார்த்தையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

திருவிருந்து ஞாயிறு அன்று பின்வரிசைகளைக் கவனித்தால் மூன்றாவது தவறு தெரியும். எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடப் போகும்போது, ஒரு அம்மா பாட்டுப்புத்தகத்தில் எதையோ தேடுவது மாதிரி உட்கார்ந்திருப்பார். வரிசையில் இடம்விட்டுக் காலை ஒதுக்கிக்கொள்வார். ஏன் வரவில்லை என்றால், "நான் அபாத்திரம்" என்பார். அபாத்திரமாய்ப் பங்குபெறுகிறவன் குற்றமுள்ளவன் என்று அவர் பயப்படுகிற வசனம் ஒன்று கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் மேலே படித்தால் அங்கே நடந்தது என்னவென்று புரியும்: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், சிலர் வெறியும்கொண்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுலுக்கு வந்த கோபம் அதற்குத்தான். அழுதுகொண்டு பின்வரிசையில் இருப்பவர்கள்மேல் இல்லை. அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்துவிட்டு வீட்டுக்குப் போ என்று எழுதவில்லை. கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நன்மை வாங்கப் போவார்கள். அதைச் செய்த பிறகும் ஒதுங்கியே இருக்கிறவர்களுக்கும் இதே வசனம்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று எனக்குப் படுவது வேறு. செய்த தவறைச் சரிசெய்வதற்குப் பதிலாக நம்மை நாமே தண்டித்துக்கொள்வது. தம்பியின் பங்கை வாங்கிக்கொண்டவர் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருப்பார். பொருத்தனை பண்ணுவார், வேளாங்கண்ணி மணலில் முழந்தாளில் போவார், ஆலயக் கட்டட நிதிக்குக் காணிக்கையும் கொடுப்பார். பத்திரம் மட்டும் பீரோவிலேயே இருக்கும். அப்படியிருந்தால் மனசு எப்படி ஆறும்? ஆறாமல் இருப்பதுதான் நல்லது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம், பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்ததைத் திருப்பி, கூடவே ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவனிடம் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றார். அவர் உபவாசம் இருந்ததாக லூக்கா எழுதவில்லை.

இதிலும் நிதானம் வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய உறவு ஒன்றுக்காக, இன்று குடும்பமாக வாழ்கிற பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்பது நம் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவதுதான். போதகரிடமோ குருவிடமோ முதலில் பேசுங்கள். நாம் கேட்டும் அவர்கள் மன்னிக்காமல் போகலாம், அது அவர்கள் உரிமை. "உங்களாலானமட்டும்" எல்லாரோடும் சமாதானமாக இருங்கள் என்றுதான் ரோமர் 12 சொல்கிறது. மனைவியை அடித்துவிட்டு, "ஆண்டவரே மன்னிச்சிட்டார், உனக்கென்ன?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பேர் தன்னை மன்னிப்பது இல்லை.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுவந்தான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான். அதைக் கேட்ட பிரதான ஆசாரியர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." பேதுருவும் அதே ராத்திரியில்தான் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து விழுந்தார். ஆனால் அவர் மற்ற சீஷர்களோடு இருந்தார். கடற்கரையில், கரிநெருப்புப் பக்கத்தில், சாப்பாடு முடிந்த பிறகு இயேசு அவரிடம் பேசினார். ஏன் மறுதலித்தாய் என்ற கேள்வியே இல்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் வேலை கொடுத்தார். ஆகவே, வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். நம் சபைகளில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எவ்வளவு வேகமாகச் செய்தி பரவும் என்பது உங்களுக்கே தெரியும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வரன் தட்டிப்போனாலும் பழைய பாவத்தின் பலன் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. தாவீதின் பிள்ளை இறந்ததை உதாரணம் காட்டுவார்கள். அங்கே நாத்தான் தீர்க்கதரிசி வந்து சொன்னார், நம் வீட்டுக்கு யாரும் அப்படி வரவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களிடம், இவன் செய்ததும் அல்ல, பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்றார் இயேசு. தாவீதும்கூட, பிள்ளை இறந்ததும் எழுந்து குளித்து, உடை மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். வேலைக்காரர்களுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாக, பாவமே இல்லாத ஒன்றுக்காக வதைபடுவது. அம்மாவை ஒருநாள் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்ற நினைப்பு குற்றம் ஆகாது, அது துக்கம். அதற்கு மன்னிப்புக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அழவேண்டியதுதான். எவ்வளவு ஜெபித்தும் அதே எண்ணம் சுற்றிச்சுற்றி வந்தால், தூக்கமும் பசியும் போய்விட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஞாயிறு வரை காத்திருக்கவேண்டாம், உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.