மாடி போட முன்னம்: கொழும்பில் ஒரு பழைய வீட்டைப் பெருப்பிக்கத் திட்டமிடுவது எப்படி

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மாடியில்லாத ஓட்டு வீடு. பத்துப் பேர்ச் காணி, இரண்டு அறை, ஒரு ஹோல். அம்மாவும் எங்களோடு வந்து சேர்ந்த பிறகு பிள்ளைகள் இருவரும் ஹோலில் பாய் விரித்துப் படுத்தார்கள். இன்னொரு காணி வாங்குவது எட்டாத விலை, அதனால் இருக்கிற வீட்டிலேயே மேலே இரண்டு அறை எடுப்பதென்று முடிவெடுத்தோம். முழுக் கொந்தராத்துக் கொடுக்கவில்லை. சாமானை நாங்கள் வாங்கினோம், கூலிக்கு மட்டும் பாஸை (தலைமை மேசனை) பிடித்தோம். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

படி 1: கிடங்கு வெட்டிப் பாருங்கள்

வீட்டுப் படம் கீற முன்னம் மண்வெட்டியை எடுங்கள். கொழும்பின் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் கபுக் கல்லால் (செம்பூராங்கல்லால்) ஆனது. மூலையில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் பூச்சைச் சுரண்டினால் தெரிந்துவிடும்: செம்மஞ்சள் நிறம், சின்னச் சின்ன ஓட்டைகள். தன் பாரத்தையும் கூரை ஓட்டின் பாரத்தையும் அந்தச் சுவர் பல வருடம் தாங்கியிருக்கும். மேல்மாடித் தளமாக வரும் கொங்கிறீட் தட்டு ஒன்றையும் அது தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்புறம் வெளிச்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரே ஒரு கிடங்கு, அத்திவாரத்தின் அடி தெரியும்வரை. எங்கள் வீட்டில் இரண்டடியிலேயே கருங்கல் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கையில் அள்ளினால் விரலிடுக்கால் வழிகிற மணல். பொறியியலாளர் கிடங்குக்குள் குந்தியிருந்து டேப் பிடித்து அளந்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தச் சுவரில் ஒரு கல்லும் கூட ஏற்ற வேண்டாம். தூண் தனியாக வரட்டும்" என்றார். மேல்மாடியின் பாரம் முழுவதும் புதுத் தூண்கள் வழியாகப் புது அத்திவாரத்துக்கு இறங்கும், பழைய சுவர் தன்னை மட்டும் தாங்கும் என்பதே அதன் பொருள்.

அந்தத் தூண்களுக்குக் கிடங்கு வெட்டும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். பழைய அத்திவாரத்தின் அடியில் உள்ள மண் சரிந்தால் சுவர் வெடிக்கும். ஒன்றை வெட்டி, கொங்கிறீட் போட்டு, மண் நிரப்பிய பிறகுதான் பக்கத்துக் கிடங்கு. எந்த ஒழுங்கில் வெட்டுவது, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: படிக்கட்டைச் சோக்கால் கீறுங்கள்

மேலே என்ன வரும் என்று எல்லோரும் கனவு காண்கிறோம். கீழே எது போகும் என்று யோசிப்பதில்லை. கணக்கு இதுதான். தளத்துக்குத் தளம் பத்தடி, அதாவது 120 அங்குலம். ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 7 அங்குலம் என்றால் 17 ஏற்றம் வரும். கால் வைக்கும் அகலம் 10 அங்குலம். பாதியில் திரும்புகிற படிக்கட்டுக்குக்கூட நீளம் பத்தடி, அகலம் ஆறரை அடி தேவை. ஒரு சின்ன அறையே போய்விடும்.

நாங்கள் ஹோல் தரையில் அந்த அளவைச் சோக்கால் கீறி, ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் நாளே அம்மாவால் குசினிக்கு நேராகப் போக முடியவில்லை என்று தெரிந்தது. படிக்கட்டை முன் விறாந்தைப் பக்கம் நகர்த்தினோம். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குக் கீழ் அறை, குளியலறையும் கீழேயே. இவை முடிவான பிறகுதான் படவரைஞரிடம் போனோம்.

படி 3: அனுமதி

வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வரும். தெஹிவளைக் கால்வாயைத் தாண்டினால் தெஹிவளை - கல்கிசை மாநகர சபை. காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு மூன்றையும் கொண்டுபோய், படம் கீற முன்னமே இவற்றைக் கேளுங்கள்: வீதிக்கோடு (வீதி அகலப்பட்டால் வரக்கூடிய எல்லை) எங்கே, கட்டடக் கோடு (கட்டடம் தாண்டக் கூடாத எல்லை) எங்கே, பின்பக்கம் எவ்வளவு விட வேண்டும், காணியில் எத்தனை வீதம் மூடலாம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே பத்துப் பேர்ச்சில் உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். உங்கள் வீடு அதற்குள் வந்தால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியைப் பற்றியும் முதல் நாளே விசாரியுங்கள்.

அனுமதி கைக்கு வரும்வரை கிடங்கு வெட்டக் கூடாது, பார்ப்பதற்கு வெட்டிய அந்த ஒன்றைத் தவிர.

படி 4: சாமானும் காசும்

மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. டிப்பர் கொட்ட முன்னம் அதன் பெட்டியை அளந்து பாருங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் உயரம் இரண்டரை அடி என்றால் 150 கன அடி, ஒன்றரை கியூப். எங்களுக்கு இரண்டு கியூப் என்று பில் எழுதிய லொறி ஒன்றை இப்படித்தான் பிடித்தோம். கழுவாத கடல் மணலைக் கொங்கிறீட்டுக்கு எடுக்கவே வேண்டாம், உப்பு கம்பியை அரித்துவிடும்.

கூலியை வேலை முடிந்த அளவுக்குப் பிரித்துக் கொடுங்கள்: அத்திவாரம், தூண், தட்டு, சுவர், பூச்சு. எதிர்பாராத செலவுக்கு நாங்கள் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினோம், அது போதவில்லை. பழைய வீடென்றால் பத்தில் இரண்டு பங்கு வையுங்கள்.

படி 5: கூரை திறக்கும் நாள்

கொழும்புக்கு மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இடியோடு பெய்யும். எங்கள் உறவினர் ஒருவர் ஒக்டோபரில் ஓட்டைக் கழற்றினார். ஒரே இரவில் அலுமாரி, மெத்தை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைந்தன. ஜனவரி பிறந்த பிறகு கூரையைத் திறக்கிற மாதிரிப் பின்னிருந்து கணக்கிட்டு மற்ற வேலைகளை வையுங்கள். கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் உடைக்காமல், வெட்டாமல், தண்ணீர் தெளித்து முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். அன்று பிள்ளைகளை வேறு வீட்டில் விடுங்கள்.

தட்டுப் போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும். தட்டைத் தாங்கும் முட்டுகளை எப்போது கழற்றுவது என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும், பாஸ் அவசரப்பட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

கொங்கிறீட் போட முன்னம், கட்டிய கம்பியின் பக்கத்தில் டேப்பை வைத்து ஒவ்வொரு தூணையும் பீமையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் சபையில் இணக்கச் சான்றிதழுக்கு (அங்கீகரித்த படத்தின்படி கட்டியதற்கான சான்று) விண்ணப்பித்து, அதையும் அங்கீகரித்த படத்தையும் இந்தப் புகைப்படங்களையும் உறுதி இருக்கிற அதே கோப்பில் போடுங்கள்.